இரண்டு கடையில் மருந்து வாங்கிய கரடி

ஒரு காட்டில் முழங்கால் வலியோடு ஒரு கரடி இருந்தது. குழந்தைகளே, அது கெட்ட கரடி இல்லை. அதற்குக் காத்திருக்கத் தெரியாது, அவ்வளவுதான். பழம் பழுப்பதற்குள் காயாகவே தின்றுவிட்டு, புளிக்கிறது என்று மரத்தைத் திட்டும்.

அது தேன் எடுக்கும் காலம். தேனடைகள் எல்லாம் ஒரு செங்குத்துப் பாறையின் உச்சியில் இருந்தன. கரடி நான்கு முறை ஏறிப் பார்த்தது. நான்கு முறையும் முழங்கால் பாதி வழியில் மடங்க மறுத்துவிட்டது.

அதனால் ஓடைக்கு இக்கரையில் இருந்த கீரியின் மருந்துக் கடைக்குப் போனது. கீரி மிகவும் கறாரான கடைக்காரன்.

"முழங்கால் வலி. ஏதாவது கொடு" என்றது கரடி.

கீரி ஒரு பொட்டலத்தில் வெள்ளை மாத்திரைகளைக் கட்டிக் கொடுத்தது. "இதன் பெயர் மூட்டுக்காவலன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வெறும் வயிற்றில் கூடாது. ஐந்து நாளில் குறையாவிட்டால் வைத்தியரைப் பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் தொடாதீர்கள்."

"நான் அளவை மீற மாட்டேன்" என்றது கரடி.

கடை வாசலிலேயே ஒன்றை விழுங்கியது. பிறகு பாறை வரை நடந்து பார்த்தது. வலி அப்படியே இருந்தது. மாத்திரை கரையக்கூட நேரம் ஆகியிருக்காது. ஆனால் கரடி, "இந்தக் கீரியின் மருந்து வேலை செய்யாது" என்று முடிவு கட்டிவிட்டது.

உடனே ஓடையைத் தாண்டி அக்கரைக்குப் போனது. அங்கே அணிலின் மருந்துக் கடை இருந்தது. அணில் நான்கு கேள்வி கேட்காமல் எதையும் கொடுக்காது.

"வயிற்றில் புண் ஏதாவது இருக்கிறதா?"

"இல்லை."

"சாப்பிட்டாயிற்றா?"

"ஆயிற்று" என்றது கரடி. சாப்பிடவில்லை.

"எத்தனை நாளாக வலி?"

"ஒரு மாதமாக."

"வேறு வலி மாத்திரை எதுவும் எடுத்துக்கொள்கிறீர்களா?"

கரடி கொஞ்சம் யோசித்தது. ஆமாம் என்று சொன்னால் அணில் மருந்து தராது. "இல்லை" என்றது.

அணில் சிவப்பு மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தது. "இதன் பெயர் வலிவிரட்டி. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று."

கரடி வீட்டுக்கு நடந்துகொண்டே தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டது. "கீரி சொன்ன அளவு கீரியின் மாத்திரைக்கு. அணில் சொன்ன அளவு அணிலின் மாத்திரைக்கு. இரண்டையும் சாப்பிட்டாலும் நான் இரண்டு அளவையும் மீறப் போவதில்லை."

மறுநாள் வலி தெரியவில்லை. கரடி பாறையில் ஏறியது, வேண்டிய மட்டும் தேன் குடித்தது.

மூன்றாம் நாள் வயிறு எரிந்தது. "தேன் சூடு" என்று சொல்லித் தேனைக் குறைத்தது. மாத்திரையைக் குறைக்கவில்லை.

நான்காம் நாள் மலம் கறுப்பாகப் போனது. தானே கறுப்பு என்பதால் கரடி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் காலை தண்ணீர் குடிக்க ஓடைக்கு வந்தது. குனிந்ததும் ரத்தமாக வாந்தி எடுத்தது. அங்கேயே விழுந்தது.

இக்கரையிலிருந்து கீரியும் அக்கரையிலிருந்து அணிலும் ஓடி வந்தன. காட்டு வைத்தியரான மரங்கொத்தி பறந்து வந்தது. அது எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பாது. கரடியின் வயிற்றைத் தட்டியது. கரடி முனகியது.

"என்ன மருந்து சாப்பிட்டீர்கள்?"

கரடி இரண்டு பொட்டலங்களையும் எடுத்து நீட்டியது.

"அணிலின் மாத்திரையா? அதுதான் வயிற்றைக் கெடுத்திருக்கிறது" என்றது கீரி.

"நான் கேட்டுத்தான் கொடுத்தேன். உன்னுடையதுதான் கெடுத்திருக்கும்" என்றது அணில்.

"இருவர் சொல்வதும் சரி" என்றது மரங்கொத்தி.

அது பொட்டலங்களைத் திருப்பிக் காட்டியது. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒன்றில் மூட்டுக்காவலன் என்றும் மற்றொன்றில் வலிவிரட்டி என்றும் இருந்தது. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இரண்டிலும் ஒன்றே இருந்தது: நோவாற்றி மரப்பட்டை.

"ஒரே பட்டை. சாயம் மட்டும்தான் வேறு. ஒரு நாளைக்கு இரண்டு சாப்பிட வேண்டியதை நான்கு சாப்பிட்டிருக்கிறீர்கள்."

"நான் அளவை மீறவில்லை" என்றது கரடி, ஈனக் குரலில்.

"கடைக்குக் கடை மீறவில்லை. வயிறு ஒன்றுதானே இருக்கிறது."

கரடிக்கு அப்போதுதான் பயம் வந்தது. "வைத்தியரே, நான் பிழைப்பேனா?"

"இப்போது தெரியாது. நாளைக்குத் தெரியும்."

கரடி காத்திருந்தது. வேறு வழி இல்லை.

பிழைத்துக்கொண்டது. ஒரு மாதம் கஞ்சியைத் தவிர வேறு எதுவும் இறங்கவில்லை. கீரி ஒரு வேளையும் அணில் ஒரு வேளையுமாகக் கஞ்சி கொண்டுவந்தன. யாரும் எதையும் குத்திக்காட்டவில்லை. கரடிக்கு அதுதான் அதிக வெட்கமாக இருந்தது.

உடம்பு தேறியதும் முழங்கால் வலி திரும்ப வந்தது. கரடி மரங்கொத்தியிடம் போய், மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "இனி அளவோடு சாப்பிடுகிறேன். அந்த மாத்திரையைச் சாப்பிடலாமா?" என்று கேட்டது.

"கூடாது. அந்தப் பட்டை இனி உங்கள் வயிற்றுக்கு ஆகாது."

"அப்படியானால் வலிக்கு?"

"வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். உடம்பைக் குறையுங்கள். பாறை ஏறாதீர்கள்."

"அது போதுமா?"

"போதாது" என்றது மரங்கொத்தி. "போதுமானதாக இருந்ததை நீங்கள் ஐந்து நாளில் தின்று தீர்த்துவிட்டீர்கள்."

கரடி தலையை ஆட்டியது. பிறகு வீட்டுக்கு நடந்தது. கொஞ்ச தூரம்தான். போய்ச் சேர மத்தியானம் ஆயிற்று.

நீதி: பெயர் வேறாக இருந்தாலும் மருந்து ஒன்றாக இருக்கலாம், ஏற்கெனவே சாப்பிடுவதைச் சொல்லாமல் இன்னொன்றை வாங்காதே.