இருவாச்சிக்கு இரவல் இல்லை

“என் எதிரி அழுதானாம், அம்மா. எனக்கு ஏன் சந்தோஷமே வரலை?”

அங்கமுத்து வந்ததும் வராததுமாக இதைத்தான் கேட்டார். கும்பிடக்கூட இல்லை.

மடத்து அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அங்கமுத்துவைவிட வயதில் இளையவர். ஆனாலும் மனசு புழுங்கும்போதெல்லாம் அங்கமுத்து வந்து நிற்பது இங்கேதான்.

“யாரு, தாசையாவா?”

“அவன் பேரைச் சொல்லாதீங்க.”

அருகிப்போன இருவாச்சிப் பறவைகளைப் பெருக்க இரண்டு நிலையங்கள் இருந்தன. மலையடி நிலையம் அங்கமுத்துவின் பொறுப்பு. ஆற்றோர நிலையம் தாசையாவின் பொறுப்பு. ஜோடி சேர்க்கப் பறவைகளை ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்துக்கொள்வது என்று பேச்சு.

பேச்சு ஒரு தடவையோடு முறிந்தது.

“என் பெட்டையை அனுப்பினேன். முட்டையிடக் கூட்டுப் பெட்டிக்குள்ள போனா. மண்ணைக் குழைச்சு வாசலை அடைச்சுக்கிட்டா. அலகு நீட்டற இடுக்கு மட்டும்தான் பாக்கி. அதுங்க வழக்கம் அது. சேவல்தான் கொண்டுவந்து ஊட்டணும். அவனோட சேவல் சீக்கு வந்து செத்துப்போச்சு. உள்ளே ஒருத்தி இருக்கான்னு அந்தப் பாவி மறந்துட்டான்.”

“மறந்துட்டானா?”

“மந்திரி வர்றாருன்னு சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டு இருந்தானாம். நான் போய்ப் பார்த்தப்போ அலகு அந்த இடுக்குலேயே இருந்தது, அம்மா. நீட்டினபடி.”

அம்மா கீரைத் தண்டை ஒடித்தார்.

“அப்புறம்?”

“அவன்கிட்ட மிச்சம் ஒரு பெட்டை. என்கிட்ட ஒரு சேவல். ரெண்டு இடத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான். வருஷா வருஷம் வந்தான். ‘சேவலைக் கொடு. இல்லேன்னா பெட்டையை நானே கொண்டுவந்து விடறேன், குஞ்செல்லாம் உனக்கே’ன்னான். கால்லகூட விழுந்தான்.”

“நீ?”

“கேட்டைத் திறக்கலை.”

“இப்போ?”

“முந்தாநாள் அந்தப் பெட்டை கிழடாகிச் செத்துப்போச்சு. மடியில போட்டுக்கிட்டு அழுதானாம். இனி என் சேவலுக்கு ஜோடி...”

அங்கமுத்து ஒரு கீரைத் தண்டை எடுத்துக் கிள்ளிப் போட்டார்.

“நான் செஞ்சதுல நியாயம் இருக்கு. இருக்கா இல்லையா, சொல்லுங்க.”

“இருக்கு,” என்றார் அம்மா. எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தார். “வா. உன் சேவலைப் பார்க்கணும்.”

மலையடி நிலையத்துக் கூண்டுக்குள் சேவல், மரத்தில் கட்டியிருந்த பெட்டியின் வாசலில் தொற்றிக்கொண்டிருந்தது. தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை மேலே கொண்டுவந்து, ஒவ்வொன்றாக உள்ளே போட்டது.

“உள்ளே யாரு?”

“யாருமில்லை. பருவம் வந்தா இப்படித்தான், காலிப் பெட்டிக்கு ஊட்டும். அழுகினதை நான் வழிச்சுப் போடுவேன்.”

“யாருமில்லைன்னு அதுக்குத் தெரியுமா?”

அங்கமுத்து கீழே கிடந்த அழுகிய பழத்தைக் காலால் ஒதுக்கினார்.

அம்மா பெட்டியின் பின்கதவைக் காட்டினார். “கையை விடு.”

விட்டார். உள்ளே இருட்டில் வாசலுக்கு நேராக உள்ளங்கையை விரித்தார்.

அலகு உள்ளே வந்தது. ஏதோ அசைவது தெரிந்ததும் அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில் அவர் கேட்டிராத ஒரு மெல்லிய சத்தம் அதன் தொண்டையில் எழுந்தது. பிறகு ஒரு பழத்தை, நசுங்காமல், மெதுவாக, உள்ளங்கையில் வைத்தது.

பழம் சூடாக இருந்தது.

“நீ உள்ளே விடாதவளோட பங்கு அது. சாப்பிடு,” என்றார் அம்மா.