குருபூசையில் மிளகாய் இல்லை

அன்பர்களே, உங்கள் இலையில் விழுவதில் எது உங்கள் முன்னோர் கண்ணால்கூடக் காணாதது என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

கூத்தபிரான் சுவாமிகளின் மடத்தில் தேவாரம் பாடிவந்த மாசிலாமணி ஓதுவார் எண்ணிப் பார்த்ததே இல்லை. குருவைவிட அவருக்கு வயது அதிகம். பிடிவாதம் அதைவிட அதிகம்.

அப்போது ஆற்றுக்கு அக்கரையில் பெரியம்மை பரவியிருந்தது. அது வராமல் தடுக்க அம்மை குத்துகிறவர் ஊர்ச் சத்திரத்தில் வந்து தங்கியிருந்தார். அன்று மாலை அடுத்த ஊருக்குப் புறப்படுகிறார். ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் குத்தியாயிற்று, ஓதுவாரின் பேத்தி உமையாளைத் தவிர. தாயில்லாக் குழந்தை. தாத்தா தலையசைத்தால்தான் அவளுக்கு எதுவும் நடக்கும்.

சுவாமிகள் சொல்லிச் சொல்லிச் சலித்திருந்தார்.

"குழந்தையைக் கூட்டிப் போனீரா, ஓதுவாரே?"

"இல்லை சாமி. மாட்டுக்கு வரும் அம்மையை மனிதப் பிள்ளைக்கு ஏற்றுவதாம்! நேற்று முளைத்த வித்தை. பாட்டன் பூட்டன் அறியாதது நமக்கு எதற்கு?"

"ரயில் வந்தபோதும் இதையே சொன்னீர்."

"சொன்னேன்."

"போன மார்கழியில் அதில் ஏறித்தானே சிதம்பரம் போனீர்?"

"தரிசனத்துக்கு நேரமாகிவிட்டது, சாமி."

சுவாமிகள் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "சரி. சாப்பிட வாரும்."

அன்று அவரே வாளியை எடுத்துப் பரிமாறினார். ஒரு கவளம் வாயில் வைத்ததும் ஓதுவாரின் முகம் கோணியது.

"என்ன சாமி, வெறும் மிளகுக் குழம்பு! இன்று குருபூசைகூட இல்லையே. ஒரு மோர்மிளகாயாவது போடச் சொல்லுங்கள்."

"குருபூசைக்கு ஏன் நாம் மிளகாய் சேர்ப்பதில்லை?"

"ஆதிகுருவுக்குப் படைப்பதில் கூடாது. அது மடத்து வழக்கம்."

"ஏன் கூடாது?"

ஓதுவார் குழம்பைச் சோற்றோடு பிசையத் தொடங்கினார்.

"அவர் இந்த மடத்தைத் தொடங்கிய காலத்தில் இந்த நாட்டில் மிளகாயே இல்லை, ஐயா! பிறகு கப்பலில் வந்திறங்கியது. முதல் மிளகாய் இந்த அடுக்களைக்குள் நுழைந்த அன்று, பாட்டன் பூட்டன் அறியாதது என்று ஒருவர் வாசலை மறித்து நின்றிருப்பார். அவரும் ஓதுவாராய்த்தான் இருந்திருப்பார்."

அடுக்களைக்குள் யாரோ சிரித்தார்கள். ஓதுவாருக்குச் சுருக்கென்றது.

"நிற்கட்டுமே சாமி! மிளகாயை மறித்ததால் யார் செத்தார்கள்?"

"யாரும் சாகவில்லை. அதனால்தான் அவர் பேரப்பிள்ளைகள் பிழைத்திருந்து மிளகாய் தின்றார்கள்."

ஓதுவாரின் கை இலையிலேயே நின்றது. தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கையைக் கீறுவார்களாம், சாமி. காய்ச்சல் வருமாம். அவள் தாய் போனபின் நான் அவளை ஒருநாளும் அழவிட்டதில்லை."

சுவாமிகளின் குரலில் இருந்த கடுமை சற்றே இறங்கியது. ஆனால் அவர் உட்காரவில்லை.

"அழட்டும், ஓதுவாரே. அழுவதற்கு அவள் இருக்கட்டும். வாசலில் வண்டி பூட்டி நிற்கிறது. உமையாள் அதில் உட்கார்ந்திருக்கிறாள். நீர் வராமல் அவள் கையை நீட்டமாட்டாள். சோறு ஆறினால் ஆறட்டும், கையை வாய்க்காலில் கழுவிக்கொள்ளும். எழுந்திரும், இப்போதே!"