சைபருக்கு முன்னால் ஆறு மில்லி

கோமதிசங்கர் மூன்று மாடியும் ஓடியே ஏறி வந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்க மனசு கேட்கவில்லை.

பதினாறு வருஷம் கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, சிறுநீரகத் துறையில் மேல்படிப்புக்கு வந்த டாக்டர் அவர். ஆராய்ச்சிக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் கெசியா மேடம் அவரைவிட எட்டு வயசு இளையவர். ஆனாலும் குரு குருதான். வாசலிலேயே நின்று மூச்சு வாங்கினார்.

"கெடச்சிட்டு மேடம்! கெடச்சிட்டு!"

"மொதல்ல உக்காருங்க டாக்டர். என்ன கெடச்சது?"

"வித்தியாசம்!"

அவர் அளந்தது ஆண்குறியின் நீளம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? காதையும் மூக்கையும் படைத்த கடவுள்தான் அதையும் படைத்தார். நூற்றுப் பன்னிரண்டு ஆண்கள் சம்மதம் எழுதிக் கொடுத்து அளக்க வந்திருந்தார்கள்.

"வெளிநாட்டுப் புத்தகத்துல போட்டிருக்கிற சராசரியவிட நம்ம ஆளுகளுக்கு ஆறு மில்லிமீட்டர் கம்மி மேடம். எல்லாக் கணக்கும் போட்டுப் பாத்துட்டேன். தற்செயலா வர வாய்ப்பே இல்ல!"

"அவங்கவங்க வீட்ல அளந்து சொன்னதா?"

"ஐயோ, அதெல்லாம் எடுத்துக்கவே மாட்டேன். சொல்லச் சொன்னா எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாங்க."

மேடம் சிரித்தார். "தொப்பை உள்ளவங்க?"

"கொழுப்புல மறையாம இருக்க, ஸ்கேல் நுனிய எலும்புல முட்டுற வரைக்கும் அழுத்தி வெச்சுதான் அளந்தேன். வெளிநாட்டுலயும் அதே முறைதான். அளந்த கை ஒரே கை. ஸ்கேலும் ஒரே ஸ்கேல்!"

"அந்த ஸ்கேலக் கொண்டு வந்திருக்கீங்களா?"

"பையிலதான் இருக்கு."

அவர் பையைத் திறப்பதற்குள் கதவைத் தட்டாமலே ஒருவர் உள்ளே வந்தார். லேத் பட்டறையில் வேலை செய்கிற இசக்கித்துரை. அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்.

"டாக்டரய்யா, கீழ நர்ஸம்மா நீங்க இங்கதான்னு சொன்னாங்க." மேடத்தைப் பார்த்ததும் வார்த்தை நின்றுவிட்டது.

"கூச்சப்படாதீங்க. எனக்கு இதெல்லாம் வெறும் நம்பர். சொல்லுங்க."

"எனக்குப் புதங்கெழம கல்யாணம், மேடம். அன்னைக்கு அளந்தப்போ எப்டி இருக்குன்னு கேட்டேன். சராசரிக்குக் கம்மின்னு அய்யா சொன்னாரு. நாலு நாளா சோறு எறங்கல. ஒரு பொண்ணு வாழ்க்கையக் கெடுக்கணுமா? பொண்ணு வீட்டுக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லிரலாம்னு இருக்கேன்."

கோமதிசங்கரின் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. "நான் அந்த அர்த்தத்துல சொல்லல தம்பி..."

"அப்போ எந்த அர்த்தத்துல சொன்னீங்க?"

டாக்டர் பையிலிருந்து கணக்குத் தாளையும் ஸ்கேலையும் எடுத்து மேசையில் வைத்தார்.

கெசியா மேடம் மேசை டிராயரில் இருந்து சீவாத புதுப் பென்சில் ஒன்றை எடுத்து மேசையின் மேல் நிமிர்த்திப் பிடித்தார். டாக்டரின் பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து, அதன் நுனி மேசையில் முட்டும்படி பென்சிலை ஒட்டி நிறுத்தினார்.

"போன் பெறவு போடலாம். இத அளந்து சொல்லுங்க."

இசக்கித்துரை குனிந்தார். "பதினாறு சென்டி, ஒம்போது மில்லி."

"சரியா?"

அவர் இன்னும் குனிந்தார். தொழில் செய்கிற கண் அல்லவா, மேல் நுனியில் இருந்து கீழ் நுனிக்கு இறங்கியது. சட்டென்று நிமிர்ந்தார்.

"மேடம், இது சரியில்ல! ஸ்கேலு நுனியில சைபர் இல்லையே! சைபருக்கு முன்னால சும்மா ஒரு துண்டு கெடக்கு!"

"எவ்வளவு?"

ஸ்கேலை வாங்கி விரல் நகத்தால் குறித்துப் பார்த்தார். "ஆறு மில்லி."

இசக்கித்துரைதான் முதலில் சிரித்தார். வெடித்துச் சிரித்தார்.

"அய்யா! எங்க பட்டறையில இப்டி அளந்தா மொதலாளி செவுட்டுலயே விடுவாரு!"

கோமதிசங்கர் ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாடி ஓடி வந்து சொன்ன கண்டுபிடிப்பு முழுவதும் அந்தச் சும்மா கிடந்த துண்டுக்குள் இருந்தது.

"அப்ப நான் சராசரிதானா மேடம்?" இசக்கித்துரை விடவில்லை.

மேடம் டாக்டரின் தாளை இழுத்துப் பார்த்தார். "டாக்டர், இந்த நூத்திப் பன்னெண்டு பேர்ல உங்க சராசரி நீளம் அச்சா அப்படியே இருக்கிறவங்க எத்தன பேரு?"

கோமதிசங்கர் விரலை வைத்து வரிசையாக இறங்கினார். மறுபடியும் மேலே போய் இறங்கினார்.

"ஒருத்தரும் இல்ல மேடம். எல்லாரும் கொஞ்சம் கூட, இல்லன்னா கொஞ்சம் கொறச்சல்."

"பாத்தீங்களா இசக்கித்துரை, சராசரிங்கிற ஆளு இங்க வரவே இல்ல. புதங்கெழம மணமேடையில உக்காரப் போறது யாரு?"

"நாந்தான்."

"அப்போ யாருக்குப் போன் போடணும்?"

"மாலைக் கடைக்கு, மேடம்! சொல்லாமலே விட்டுட்டேன்!" அவர் படியிறங்கி ஓடுகிற சத்தம் கேட்டது. பாதிப் படியில் நின்று, "ரெண்டு பேரும் வந்துருங்க!" என்று கத்தினார்.

கோமதிசங்கர் பேனாவைத் திறந்தார். உற்சாகம் திரும்பிவிட்டது.

"நல்லவேள மேடம். ஒரே ஸ்கேல்ங்கிறதால ஒரே தப்பு. எல்லாருக்கும் ஆறு மில்லி கூட்டிட்டாப் போதும். இப்பவே முடிச்சிருவேன்!"

"கூட்டுங்க. இவர மாதிரி எத்தன பேர் கேட்டாங்க?"

"ஏழெட்டுப் பேர் கேட்டாங்க."

"எத்தன பேர்கிட்ட கம்மின்னு சொன்னீங்க?"

பேனா நின்றது.

"இவரோட சேத்து, அஞ்சு பேரு."

மேடம் பென்சிலை டிராயரில் வைத்து மூடினார்.

"தாள்ல அப்புறம் கூட்டிக்கலாம் டாக்டர். மத்த நாலு பேர் ஊருக்கும் பஸ் எத்தன மணிக்குன்னு பாருங்க."