சவேரிமுத்துவின் மூன்று விரல்

உத்தரவு போடுகிறவருக்குத் தன் நாக்கின் மேல் ஒரு கண் இருக்க வேண்டாமா? டாசன் துரைக்கு இல்லை.

"தமிழ் அநாகரிகப் பாஷை. என் பங்களாவில் யார் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை வந்தாலும் அன்றைக்கே அவர் மூட்டை கட்டவேண்டும்" என்றார்.

தோட்டக்காரன் பயந்து வாயைத் துண்டால் கட்டிக்கொண்டான். சமையல்காரர் சவேரிமுத்து தலையை மட்டும் ஆட்டினார்.

மத்தியானம் விருந்துக்கு நாலு துரைமார் வந்தார்கள். மேஜையில் வெறும் அவித்த உருளைக்கிழங்கு.

"மல்லிகட்டானி சூப் எங்கே?" என்று நம்மூர் மிளகுத்தண்ணியைக் கேட்டு டாசன் அதட்டினார்.

சவேரிமுத்து வாய் திறக்காமல் ஒரு விரலை நீட்டினார்.

"கர்ரி?"

கறிக்கு இரண்டாவது விரல்.

"செரூட்டையாவது கொண்டுவா!"

சுருட்டுக்கு மூன்றாவது விரல்.

"விரலை ஏன் காட்டுகிறாய்?"

சவேரிமுத்து தன் பட்லர் இங்கிலீஷில் பணிவாகச் சொன்னார்: "மூணும் எங்க தமிழிலிருந்து துரைமார் எடுத்துக்கிட்ட வார்த்தைங்க, துரை. என் வாயிலிருந்து ஒண்ணுகூட வரலை. துரையோட மூட்டையைக் கட்ட ஆள் அனுப்பட்டுமா?"

விருந்தாளிகள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். டாசனும் வேறு வழியில்லாமல் சிரித்து, உத்தரவை வாபஸ் வாங்கினார்.

அதற்கப்புறம்தான் அந்தக் கெட்டிக்கார மனுஷர், காலையிலேயே வைத்து அடுப்பில் மூடியிருந்த மிளகுத்தண்ணியை ஆவி பறக்கக் கொண்டுவந்தார்.