குப்ஸ்கியின் நான்காம் அத்தியாயம்

சிரிப்பு உண்டு, சத்தியமாக. ஆனால் இப்போதே கேட்டால் கிடைக்காது. முதலில் செண்பகவல்லி கொஞ்சம் மூக்கைச் சிந்தட்டும்.

ஆயிரம் பேர் பரீட்சை எழுதினால் பத்துப் பேரைக்கூட உள்ளே விடாத பல்கலைக்கழகம் அது. சேர்ந்து ஒரு பருவம்கூட முடியவில்லை. பேராசிரியர் ரோஸ்லினின் அறை வாசலில் பெட்டியும் கையுமாக வந்து நின்றாள் வல்லி.

"சாயங்கால ரயிலுக்குக் கோவில்பட்டி போறேன், மேடம். இனிமே வரமாட்டேன்."

"ஏம்மா?"

"வாரத்துக்கு முந்நூறு பக்கம் படிக்கச் சொல்றீங்க. நான் முக்கி முனகி நூறைத் தாண்டலை. மத்தவங்க ஊதித் தள்ளுறாங்க."

"யார் சொன்னா?"

"அவங்களேதான்."

ரோஸ்லின் கையிலிருந்த பாதி முறுக்கை டப்பாவில் போட்டு மூடினார்.

"சரி, போ. அதுக்கு முன்னாடி மெஸ்ஸுக்கு ஒரு நடை போய், குப்ஸ்கியோட நாலாவது அத்தியாயம் படிச்சாச்சான்னு நம்ம பிள்ளைங்ககிட்ட கேட்டுட்டு வா."

வல்லி பெட்டியைக் கீழே வைத்தாள். குப்ஸ்கியா? வகுப்பில் அப்படி ஒரு பெயரைக் கேட்ட நினைவே இல்லை. அதையும் கோட்டை விட்டாயிற்றா!

போனாள். போனதைவிடத் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

பள்ளிக்கூட மைக்கில் தலைமை ஆசிரியை குரலில் லீவு விட்டு மாட்டிக்கொண்டவள் வல்லி. அழுகையிலும் அந்த வித்தை அவளை விட்டுப் போகவில்லை.

கூடப் படிக்கும் ஆதவனுக்காக மூக்கால் பேசினாள். "குப்ஸ்கியா? பல் தேய்க்கும்போதே முடிச்சிட்டேனே!"

நிவேதனாவுக்காக இல்லாத கண்ணாடியை மேலே தள்ளினாள். "நாலாவது சுமார்தான்ப்பா. மூணாவதுலதான் மனுஷன் நின்னு விளையாடியிருக்கார்."

இஸ்மாயிலுக்கு ஒரு கொட்டாவி. "எனக்கு அவர் முடிவுல உடன்பாடு இல்லை."

"பிரமாதம். அப்புறம்?"

"நீ படிச்சியான்னு என்னைக் கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

வல்லி பெட்டியின் கைப்பிடியைத் திருகினாள்.

"ரெண்டு தடவை படிச்சேன்னு சொல்லிட்டேன், மேடம்."

ரோஸ்லின் தலையாட்டினார்.

"குப்ஸ்கி எங்க வீட்டு நாய், வல்லி. இன்னும் எதுவும் எழுத ஆரம்பிக்கலை."

வல்லி முழித்தாள். மெஸ் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆதவன். நிவேதனா. இஸ்மாயில். ரெண்டு தடவை படித்த செண்பகவல்லி.

உதட்டோரம் எதுவோ துடித்தது. அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"அப்போ அந்த முந்நூறு பக்கத்தை யார்தான் மேடம் முடிச்சது?"

ரோஸ்லின் எழுந்து, வெளியே எட்டிப் பார்த்து, கதவைச் சாத்தினார்.

"முழுமூச்சா இறங்கினது குப்ஸ்கி ஒருத்தன்தான். அவனும் பாதியிலே துப்பிட்டான்."

வல்லி பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அப்போதுதான் வந்தது.