கைக்கெட்டும் வீடு

வேதமுத்து முப்பது வருஷம் கட்டட ஓவர்சியராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு பூரணியிடம் தொழில் கற்க வந்தார். நடக்க முடியாதவர்களுக்கும் கண் தெரியாதவர்களுக்கும் ஏற்றபடி வீட்டை மாற்றிக் கொடுப்பது அவள் தொழில். அவளும் சக்கர நாற்காலியில்தான் போய்வருவாள். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அன்று உலகநாதன் வீட்டில் வேதமுத்து தன் முதல் வரைபடத்தை விரித்தார். உலகநாதனின் மனைவி தங்கபுஷ்பம் மாடிப்படியில் விழுந்தவள். எட்டு மாதமாக இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

“எல்லாம் இந்த ஒரே அறைக்குள்ள வந்துரும் டீச்சர். கட்டிலை ஒட்டிக் கழிப்பறை. பிடிச்சுக்கக் கம்பி. தண்ணி, அலமாரி, டிவி, கூப்பிட ஒரு மணி. இவங்க கை எவ்வளவு தூரம் எட்டும்னு அளந்துதான் போட்டிருக்கேன். எதுக்கும் வெளிய வர வேண்டாம்.”

உலகநாதன் காகிதத்தைத் தடவிப் பார்த்தார்.

“ராணி மாதிரி இருக்கலாம் ஏட்டி. இனியாவது அந்தப் பேச்ச விடு.”

“எந்தப் பேச்சு?” என்றாள் பூரணி.

“ஏதாவது ஹோம்ல கொண்டு விடுங்கன்னு ஒத்தக்கால்ல நிக்கா.”

“நிக்கேனாம்,” என்றாள் தங்கபுஷ்பம். “கேட்டுக்கோங்க.”

வேதமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“ஒனக்கு என்ன கொற வச்சேன்?” என்று ஆரம்பித்தார் உலகநாதன். கஞ்சி காய்ச்சியது, துணி மாற்றியது, கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஓடிவந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாமே உண்மை. தங்கபுஷ்பம் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் நிறுத்தவில்லை.

பூரணி நாற்காலியைக் கட்டிலருகே நகர்த்தினாள்.

“அக்கா, முன்னாடியெல்லாம் இவர் இப்படி ஆரம்பிச்சா என்ன செய்வீங்க?”

பதில் சுவரைப் பார்த்தபடியே வந்தது.

“அடுக்களைக்குப் போயி பாத்திரத்த உருட்டுவேன்.”

“எவ்வளவு நேரம்?”

“இவுக வந்து எட்டிப் பாக்குற வரைக்கும்.”

உலகநாதன் பேச்சை விட்டார். பிறகு மெதுவாக, “தெருவுக்கே கேக்கும்,” என்றார்.

“இப்போ?” என்றாள் பூரணி.

“இப்போ இந்தச் சுவருதான்.”

பூரணி வேதமுத்துவிடமிருந்து பென்சிலை வாங்கினாள். கட்டிலிலிருந்து அடுக்களை வரை சக்கர நாற்காலி போக ஒரு கோடு இழுத்தாள். வழியில் இரண்டு நிலைப்படிகள். இரண்டையும் அடித்து நீக்கினாள். அடுக்களைக் கதவை அகலமாக்கினாள். பாத்திர அலமாரியைக் கீழே இறக்கினாள்.

தங்கபுஷ்பத்தின் முகம் காகிதத்தின் பக்கம் திரும்பியிருந்தது.

“கதவுக்கு உள்தாழ்ப்பா வருமா?”

“வரும் அக்கா. உக்காந்தபடியே போடலாம்.”

“தாழ்ப்பா எதுக்கு?” என்றார் உலகநாதன்.

வேதமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

“ரெண்டு நிலைய இடிக்கணும் டீச்சர். முழுசா ஒரு மாச வேலை. சமையலத்தான் அவரே பாத்துக்கிடுதாரே. பொறவு இவங்களுக்கு எதுக்கு அடுக்களை?”

“சமைக்கிறதுக்கு இல்ல அண்ணே,” என்றாள் பூரணி. “அவர் பேசிக்கிட்டு இருக்கும்போதே கிளம்பிப் போறதுக்கு.”