பொம்மக்கா வீட்டுச் சுவர்

ரொம்பக் காலத்துக்கு முந்தி, செங்காட்டுச் சீமையைச் செண்பகராயன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தான். நல்லவன்தான், ஆனா காலையில ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. கோபம் வந்தா பட்டத்து யானையையே நாடு கடத்துவான். மறுநாள், "எங்கடா என் யானை?"ன்னு உட்கார்ந்து அழுவான்.

அவனுக்கு வெடியுப்பு எடுத்துக் கொடுத்தவ பொம்மக்கா. கோட்டைக்கு வெளியே, ஒத்தைக் குடிசையில இருந்தா. வெடியுப்புன்னா கடல்ல விளையறதுன்னு நினைச்சுடாதீங்க. மாட்டுத் தொழுவம், குதிரை லாயம், ஜனங்க நெருக்கியடிச்சு வாழற பழைய வீடு, இங்கெல்லாம் மூத்திரமும் சாணியும் மண்ணுல ஊறி, வெயில் காலத்துல சுவரடியில வெள்ளையாப் பூக்கும். அந்த மண்ணைச் சுரண்டிக் கரைச்சு, சாம்பல் சேர்த்து வடிகட்டி, காய்ச்சி ஆறவிட்டா, ஊசி ஊசியா உப்பு உறையும். கந்தகமும் கரியும் சேர்த்து இடிச்சா பீரங்கிக்கு மருந்து. தண்ணியில கரைச்சு, அதுக்குள்ள ஒரு செம்பை வெச்சுச் சுத்தினா, செம்புல இருக்கற குடிதண்ணி சில்லுன்னு ஆயிடும். ராஜா கோடையில அதைத்தான் குடிப்பான். வைத்தியரும் நீர்க்கடுப்புக்கு ஒரு சிட்டிகை கேட்டு அனுப்புவார்.

இத்தனை பேருக்கு உப்பு வேணும். உப்பு எடுக்கிறவ யாருக்கும் வேணாம். புருஷன் செத்துப் பத்தொன்பது வருஷம் ஆச்சு, பிள்ளைகுட்டி கிடையாது. மண் சுரண்டப் போனா கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு மூக்கைப் பொத்திக்குவாங்க, அவ வெளியே வந்ததும் படார்னு சாத்துவாங்க. "வா, போ"ன்னு ஒரு வார்த்தை? ம்ஹூம். பல நாள் அவ பேசுறது உலைப் பானைகிட்டதான். "போதும் தாயி, பொங்காதே"ன்னு சொல்லுவா. அதுவாவது சத்தம் போட்டுப் பதில் சொல்லுதேன்னு கூட ரெண்டு சுள்ளி வெப்பா. அவளுக்கு எல்லாம் பழகிப்போச்சுன்னு ஊர்ல சொல்லுவாங்க. பழகுமா அது? தினமும் வலிச்சுது.

அந்த வருஷம் தசராவுக்கு வாணவேடிக்கை அமர்க்களம். ராஜா சந்தோஷத்துல என்ன பண்ணினான்? தளவாய் நரசப்பன் தோளை நீட்டிக்கிட்டு நிக்கறான், அவனைத் தாண்டிப் போய்ச் சால்வையைப் பொம்மக்காவுக்குப் போர்த்திட்டான். நரசப்பனுக்கு வயிறு எரிஞ்சுது. நாலு நாள் சோறு இறங்கலை.

அஞ்சாம் நாள் சபை கூடினதும் ஒரு துணி மூட்டையோட வந்தான். "மகாராஜா! வெடியுப்பைத் திருட்டுத்தனமா வெச்சிருந்தா சிரச்சேதம்னு சட்டம். பொம்மக்கா குடிசைச் சுவர் பூராவும் உப்பாப் பூத்துக் கிடக்குது. நானே என் கையால சுரண்டினேன். எதிரி நாட்டுக்கு விக்கறா!"

ராஜாவுக்கு முகம் சிவந்துபோச்சு. "இழுத்து வாங்க அவளை!"

கொண்டாந்து நிறுத்தினாங்க. விஷயத்தைக் கேட்டதும் பொம்மக்கா சிரிச்சுட்டா.

"உயிர் போகப்போகுது, உனக்குச் சிரிப்பு வருதா?"ன்னு ராஜா கத்தினான்.

"மன்னிக்கணும் சாமி. பீரங்கிக்கெல்லாம் அதிகாரி, மருந்து எங்கே விளையுதுன்னு தெரியலையேன்னு சிரிச்சேன். ஆடுமாடு கட்டணும், புள்ளைங்க ஓடியாடி நனைக்கணும், விருந்தாளி வரணும், போகணும். அப்படி உசிருங்க ஊறின சுவர்லதான் இந்த உப்பு பூக்கும். என் வீட்டுல பத்தொன்பது வருஷமா என்னைத் தவிர ஒரு உசிரு காலடி வெச்சதில்லை. கோழிகூடக் கிடையாது. அந்தச் சுவர்ல என்னத்தைப் பூக்கும், மகாராஜா?"

 அவ கொல்லைக் கதவுக்கு வந்தப்போ மூக்கைப் பொத்தினவங்க சபையிலேயும் நாலு பேர் இருந்தாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

"நம்பிக்கை இல்லேன்னா, அந்த மூட்டையில இருக்கறதை நெருப்புல போடுங்க. வெடியுப்பா இருந்தா தணல் புஸ்ஸுன்னு சீறிப் பளீர்னு எரியும்"னா.

தணல் வந்துது. ராஜாவே ஒரு பிடி அள்ளிப் போட்டான். படபடன்னு வெடிச்சுது, அவ்வளவுதான். தணல் பளீர்னு எரியலை. சபைக்கு வந்திருந்த அரண்மனைச் சமையல்காரர் ஒரு விரல் தொட்டு நாக்குல வெச்சார்.

"அடடே, நம்ம மடப்பள்ளி உப்பு! நேத்துத் தளவாய் ஐயா ரெண்டு படி கேட்டு வாங்கினார். ஊறுகாய்க்காக்கும்னு நினைச்சேன்."

நரசப்பனுக்கு வேர்த்து ஊத்துது. மருந்துக் கொட்டடி ராஜமுத்திரை போட்டுப் பூட்டியிருந்துது. அசல் வெடியுப்பு கிடைக்காம, கிடைச்சதை அள்ளிக்கிட்டு வந்திருக்கான் மகானுபாவன்!

ராஜா எழுந்து நின்னான். "பொம்மக்கா, நீயே சொல்லு. இவன் தலையை வாங்கவா? இல்லே, இவன் மாளிகையைப் பிடுங்கி உனக்குத் தரவா?"

பொம்மக்கா யோசிச்சா. அத்தனை பெரிய மாளிகையில ஒத்தை ஆளா உட்கார்ந்து என்ன பண்றது? நினைச்சுப் பார்க்கவே அவளுக்குப் பயமா இருந்துது.

"தலையும் வேணாம், மாளிகையும் வேணாம் சாமி. ஒரு வருஷத்துக்கு இவர் என்கூட வீடு வீடா வந்து மண்கூடை சுமக்கட்டும்."

சபை கைதட்டிச் சிரிச்சுது. "அடி கெட்டிக்காரி! இதைவிட அவமானம் வேற உண்டா? அப்படியே ஆகட்டும்!"னு ராஜா தொடையைத் தட்டினான். பொம்மக்கா என்னமாப் பழிவாங்கிட்டா பாருன்னு ஊரே பேசிச்சு. 

மறுநாள் காலையில தளவாய் தலையில கூடை ஏறிச்சு. லாயத்துல ஆரம்பிச்சவன் வழி பூரா ஓயலை. "சீ, என்ன நாத்தம்! என் பரம்பரை என்ன, பவிசு என்ன! கழுத்து ஒடியுது, உனக்கு ஈவு இரக்கம் இருக்கா? ராட்சசி!" குடிசைக்கு வந்து கூடையை இறக்கினதும், மூச்சு வாங்கிக்கிட்டுச் சும்மா உட்கார்ந்தான்.

பொம்மக்கா ஒரு கலயத்துல கஞ்சி ஊத்தி அவன் முன்னால வெச்சா. கொஞ்ச நேரம் பார்த்தா. அவன் பேசுற வழியாக் காணோம்.

"ஏன் நிறுத்திட்டீங்க தளவாய் ஐயா?"ன்னா. "இன்னும் கொஞ்சம் திட்டுங்க."